சுவரில் தெரிவதைக் காற்றில் தேடலாமா?

ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிர் மிகுதி. தொழிற்பேட்டைகளை ஒட்டிய வாடகை வீடுகளில் பல நெருக்கமாகவும் காற்றோட்டம் குறைந்தும் அமைந்தவை. இத்தகைய வீடுகளில் பீரோவின் பின்னாலும் குளியலறைச் சுவரிலும் பூஞ்சணம் படர்வதில் வியப்பில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் எடுத்துரைத்தது. ஆகவே இது அலட்சியம் செய்யத்தக்கதன்று.

இந்த அச்சத்தை ஒட்டி, வீட்டுக் காற்றைச் சோதித்துத் தரும் தொழில் ஒன்று மேல்நாடுகளில் வளர்ந்து, நம் பெருநகரங்களுக்கும் வந்துள்ளது. “ஒரு கன மீட்டரில் இத்தனை ஸ்போர்கள்” என்று அறிக்கை தருகிறார்கள். ஸ்போர் என்பது பூஞ்சையின் நுண்வித்து. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் அளக்கும் முறையைப் பாருங்கள். பரவலாகக் கையாளப்படும் முறையில், ஒரு சிறு பம்பு நிமிடத்திற்கு 15 லிட்டர் வீதம் 5 நிமிடங்கள் காற்றை இழுத்து, பசை பூசிய கண்ணாடித் தகட்டின்மேல் மோதச் செய்கிறது. மொத்தம் 75 லிட்டர். ஒரு கன மீட்டர் என்பதோ 1000 லிட்டர். எனவே நுண்ணோக்கியில் கண்ட ஒரு ஸ்போர் அறிக்கையில் 13 ஆகிவிடுகிறது. 8 ஸ்போர்கள் 107 ஆகின்றன! படுக்கையை உதறினாலும், மின்விசிறியைப் போட்டாலும் இந்த எண் மாறும். ஐந்து நிமிடக் காற்றைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புக் கூற முடியாது.

அடுத்து, எண்ணை எதனோடு ஒப்பிடுவது? இவ்வளவுக்கு மேல் இருந்தால் தீங்கு என்று பூஞ்சைக்கு ஓர் எல்லை வகுக்க இயலாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நம் நாட்டில் 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகள் வெளிக்காற்றுக்கு உரியவை. அவற்றில் பூஞ்சை இடம்பெறவில்லை. பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே கூறுகிறது.

“கரும்பூஞ்சை” என்ற பெயர் கேட்டு நடுங்குவோர் கிளீவ்லாந்து நகரின் செய்தியை அறிதல் நலம். அங்கு 1993, 1994 ஆண்டுகளில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கரும்பூஞ்சையின்மீது ஐயம் எழுந்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சான்றுகளை மறு ஆய்வு செய்து, அத்தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அறிவித்தது. அச்சம் பரவிய அளவுக்கு இந்த மறுப்புப் பரவவில்லை.

அப்படியானால் எதை அளப்பது? ஈரத்தை! ஓர் அறையின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு எனக் கொள்வோம். குளிரில் வெளிச்சுவர் 18 டிகிரிக்கு இறங்கினால், அச்சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 90 விழுக்காடாகும். சுவரின் மேற்பரப்பில் 80 விழுக்காடு நீடித்தாலே பூஞ்சை முளைக்கும். சில நூறு ரூபாய் விலையுள்ள ஈரப்பதமானி இதைக் காட்டிவிடும். ஓடும் குழாய்க் கசிவு, விரிசல் கண்ட தளம், அறைக்குள் உலர்த்தும் துணி, மூடியே கிடக்கும் சன்னல் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க உங்கள் கண்ணே போதும்.

சோதனையே வீண் என்பது நம் கருத்தன்று. முடை நாற்றம் வீசியும் பூஞ்சணம் தென்படாதபோது, சுவரின் ஈரத்தை அளக்கத் தெரிந்த வல்லுநர் உதவுவார். ஆனால் சோதிப்பவரே சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தையும் கேட்டால் எச்சரிக்கை தேவை. டெக்சாஸ், நியூயார்க் மாநிலங்களில் ஒரே வீட்டில் இரு பணிகளையும் ஒருவரே செய்யச் சட்டம் இடந்தருவதில்லை.

வீட்டுக் காற்றில் உண்மையிலேயே அளக்கத்தக்கது ஒன்று உண்டு. அது அடுப்புப் புகை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகக் கிராம வீடுகளில் புகைத்துகள்களை அளந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, விறகடுப்பின் தீமையை எண்களால் நிறுவியது. அங்கு அளவீடு, கண்ணால் மதிப்பிட முடியாததைக் கூறிற்று. சுவரில் படர்ந்த பூஞ்சணத்திற்கோ முதலில் வேண்டுவது கொத்தனாரும் குழாய் பழுதுபார்ப்பவரும் ஆவர். வாடகை வீட்டில் இருப்போர், சோதனைக் கட்டணத்தைச் செலவிடுமுன் கசிவைக் காட்டி வீட்டு உரிமையாளரிடம் பழுதுபார்க்கக் கேட்பதே முறையாகும்.