பர்செல்லின் மின்காந்தவியல்: ஒரு மதிப்பீடு

எட்வர்ட் பர்செல்லின் ‘மின்சாரமும் காந்தவியலும்’ 1965-இல் பெர்க்லி இயற்பியல் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளிவந்தது. கூலூம் விதியில் தொடங்கும் பழைய பாதையை அது கைவிடவில்லை. காந்தவியலின் வாசலைத்தான் மாற்றியது. பயட்–சாவர்ட் விதியை முன்வைத்துக் கணக்குப் போடச் சொல்லாமல், காந்தவிசையைச் சார்பியலிலிருந்து வருவித்தது. பொறியியல் மாணவருக்கு இம்மாற்றம் தந்தது என்ன?

முதலில் முறை. மின்னோட்டம் பாயும் கம்பிக்கு இணையாக நகரும் மின்னூட்டத்தின் குறிப்பாயத்தில் நின்று பார்த்தால், எலக்ட்ரான்களின் இடைவெளியும் அயனிகளின் இடைவெளியும் வெவ்வேறு விகிதத்தில் மாறுகின்றன. நடுநிலையாக இருந்த கம்பி மின்னேற்றம் பெறுகிறது. ஆய்வகத்தில் காந்தவிசை எனப்பட்டது இங்கே மின்விசை. 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்களின் இழுப்புத் திசைவேகம் நொடிக்கு 0.1 மி.மீ.-க்கும் குறைவு. அந்த வேகத்தின் சார்பியல் விளைவே மோட்டாரைச் சுழற்றுகிறது என்று உணரும் மாணவர், மின்விசையின் வலிமையையும் சேர்த்தே உணர்கிறார்.

வருவிப்பில் நேர்மையும் உண்டு. வேகத்தால் மின்னூட்டம் மாறாது என்னும் எடுகோளைப் பர்செல் மறைக்கவில்லை. ஹீலியம் அணுக்கருவில் புரோட்டான்கள் ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பதைவிட மிக விரைவாக இயங்கியும் ஹீலியம் அணு, ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டுமே நடுநிலையாக இருப்பதைச் சான்றாக வைக்கிறார்.

குறைகள் கட்டமைப்பில் உள்ளன. பொருள்களுக்குள் புலம் எவ்வாறு அமைகிறது என்பது கடைசி இயல்களுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. வெற்றிடத்தில் விதி தெளிந்தபின் பொருளுக்கு வருவது தருக்கப்படி சரி. ஆனால் மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தையும் காந்தத் தயக்கத்தையும் நம்பித் தொழில் செய்யப்போகிறவருக்கு அது தாமதம். பருவ இறுதியில் பாடம் குறைக்கப்பட்டால் முதலில் விடுபடுவதும் இப்பகுதியே. சார்பியலை முன்பே கற்காத வகுப்பில், இவ்வருவிப்பு இடம்பெறும் ஐந்தாம் இயல் மனப்பாடமாகச் சுருங்கிவிடும். பின்னிணைப்பில் உள்ள சார்பியல் சுருக்கம் நினைவூட்டப் போதும், கற்பிக்கப் போதாது.

டேவிட் மோரின் திருத்திய 2013-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு காஸ் அலகுகளை விட்டு எஸ்.ஐ. அலகுகளுக்கு மாறியது. பொறியாளருக்கு இது தேவையான திருத்தம். ஆனால் மின்புலமும் காந்தப்புலமும் ஒரே அலகில் நின்று தம் உறவைத் தாமே காட்டிய தெளிவு போயிற்று. பயன்பாடு கூடியது, மைய வாதம் சற்று மங்கியது.

சார்பியல் கற்ற வகுப்புக்கு இதுவே முதன்மை நூலாகத் தகும்; மற்றவர்க்கு இரண்டாம் வாசிப்பாக. பொருள்சார் இயல்களை ஆசிரியர் முன்னே நகர்த்திக் கற்பிக்கலாம், பயன்பாட்டுக் கணக்குகளையும் சேர்க்கலாம். காந்தவியலை மின்னியலின் தொடர்ச்சியாகக் காட்டும் கட்டுக்கோப்பை வேறொரு நூலில் அப்படிச் சேர்த்துவிட முடியாது. ஆகவே, குறைகளைக் கழித்த பின்னும் தராசு பர்செல்லின் பக்கமே தாழ்கிறது.