மெய்யுரைத்தோன் தோற்ற வழக்கு

உடன்பிறந்தார் பகை நாடகத்துக்கு மிகப் பழைய பொருளாகும். தீப்ஸ் நகரின் வாயிலில் ஒருவரையொருவர் கொன்று மாய்ந்த ஈடிப்பசின் மைந்தர் கதையைக் கிரேக்கப் புலவர் ஈஸ்கிலசு கி.மு. 467ஆம் ஆண்டிலேயே அரங்கேற்றினார். அங்கே பகைக்குக் காரணம் அரசுரிமை, கருவி வேல். அரசும் வேலும் இல்லாத இக்காலத்தில் அப்பகை எவ்வுருக்கொள்ளும் என்பதற்கு, 2017 மே 8ஆம் நாள் அமெரிக்காவின் ஏ.எம்.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான “சிக்கேனறி” என்னும் பகுதி தக்கதோர் எடுத்துக்காட்டு. வின்ஸ் கிலிகன், பீற்றர் கூல்ட் என்போர் படைத்து, 2015 முதல் 2022 வரை நடைபெற்ற “பெற்றர் கோல் சோல்” என்னும் குற்றவியல் தொடரில் மூன்றாம் பருவத்தின் ஐந்தாம் பகுதி இஃது. எழுதியவர் கோர்டன் சிமித். குற்றவாளிகளின் உலகைச் சித்திரிக்கும் தொடராயினும் இப்பகுதியிலே துப்பாக்கி வெடிப்பதில்லை, குருதி சிந்துவதில்லை. ஒரு விசாரணை மண்டபத்திலே ஒருவன் பேசுகின்றான், பேசியே அழிகின்றான்.

நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கி நகரிலே சக் மக்கில் புகழ்பெற்ற சட்டத்தரணி. அவர் தம்பி ஜிம்மி இளமையில் ஏய்த்துப் பிழைத்தவன். சிக்காகோவிலே சிறை செல்ல இருந்தவனைத் தமையனே மீட்டுத் தம் நிறுவனத்தில் கடிதம் பகிரும் வேலையில் அமர்த்தினார். தம்பி அஞ்சல்வழி பயின்று தானும் சட்டத்தரணியானான். அதனைச் சக் பொறுக்கமாட்டாராய், வேறொருவரை முன்னிறுத்தி, அவன் தம் நிறுவனத்துட் புகாவண்ணம் மறைவிலே தடுத்தார். பின்னர் ஜிம்மி, வங்கியொன்றின் ஆவணங்களில் 1216 என்னும் முகவரி எண்ணை 1261 என மாற்றித் தமையனைப் பிழை செய்தவராக்கினான். சக்கோ நோயும் மனமுடைவும் மிக்கவர்போல் நடித்துத் தம்பியின் வாயிலிருந்தே குற்றத்தை வருவித்து, ஒலிப்பதிவு செய்துகொண்டார். அதனை அறிந்த தம்பி வீட்டுட் புகுந்து பதிவை உடைத்தான். அவன் சட்டத்தொழில் உரிமையைப் பறிக்கவேண்டும் என்பதே இப்பகுதியில் நிகழும் விசாரணை.

சக்குக்கு ஒரு நோய் உண்டு. மின்சாரம் தம் உடலைச் சுடுகின்றது என நம்பி, விளக்கணைத்த வீட்டிலே வாழ்கின்றார். பகுதியின் தொடக்கத்திலே முன்னிகழ்வு ஒன்று காட்டப்படுகின்றது. பிரிந்த மனைவி றெபேக்கா விருந்துக்கு வருகின்றாள்; மின்சாரக் கம்பனியின் தவறால் வீட்டில் ஒளியில்லை எனப் பொய் புனைந்து மெழுகுதிரி ஏற்றுகின்றார். அப்பொய்க்குத் தம்பி துணைநிற்கின்றான். இருவர்க்குமிடையே அன்பென ஒன்று இருந்தமைக்கு அக்காட்சியே சான்று. இளிவரலுக்கு நிலைக்களன்களுள் ஒன்றாகப் பிணியைத் தொல்காப்பியர் வைத்தமை இவ்விடத்தே நினையத்தக்கது. சக் அஞ்சியது நோயையன்று. நோயால் வரும் இளிவரலையே.

அவ்வச்சத்தையே ஜிம்மி படைக்கலமாக்கினான். றெபேக்காவை விசாரணைக்கு வருவித்தான். கூட்டாளி ஒருவனைக் கொண்டு, படிக்கட்டிலே மோதுவான்போல் மோதச்செய்து, சக்கின் சட்டைப்பைக்குள் கைத்தொலைபேசியின் மின்கலத்தை இடுவித்தான். குறுக்குவிசாரணையில் அது வெளிப்பட, ஒரு மணி நேரத்துக்கு மேலாக மின்கலம் நெஞ்சருகே இருந்தும் அவர் ஏதும் உணர்ந்திலர் என்பது எல்லார்க்கும் புலனாயிற்று.

பலரும் மின்கலமே சக்கை வீழ்த்தியது என்பர். எமது கருத்து வேறு. மின்கலம் வெளிப்பட்டபின்னும் சக் நிமிர்ந்தே அமர்ந்திருக்கின்றார். வழக்கை நடத்தும் சட்டத்தரணி எழுந்து, சாட்சியின் மனநோய் இவ்வழக்குக்குப் புறம்பானது, அவர் சித்தப்பிரமை கொண்டவராயினும் தம்பி செய்த குற்றம் குற்றமே என்று வாதிடுகின்றார். நியாயமான வாதம், சக்குக்கு வெற்றி தரக்கூடிய வாதமுமாம். அதனைத்தான் அவராற் பொறுக்க முடியவில்லை. தம்மைக் காக்க வந்த சொல்லிலே ‘நோயாளி’ என்னும் முத்திரை இருத்தலைக் கண்டு வெகுண்டெழுகின்றார். வழக்கிலே வெல்லுதலா, பித்தனல்லன் என நிறுவுதலா என்ற இரண்டனுள் அவர் பின்னதைத் தேர்ந்தார். பகைவன் கை வீழ்த்தாதவரை நண்பன் வாய் வீழ்த்தியது.

அதன்பின் எழும் நெடும்பேச்சே பகுதியின் உயிர்நிலை. தொடர்ப்பகுதியின் பெயரான, ‘புரட்டுவாதம்’ எனப் பொருள்படும் சொல்லும் அப்பேச்சினிடையேதான் வருகின்றது. எண்ணை மாற்றியது, விளம்பரப் பலகையில் நடத்திய நாடகம், சிறுவயதில் தந்தையின் கடைப் பணப்பெட்டியில் கைவைத்தது, இங்கே எழுதத் தகாத சிக்காகோக் குறும்பு ஒன்று எனத் தம்பியின் குற்றங்கள் ஒன்றன்மேலொன்றாய் வந்து விழுகின்றன. ஒளிப்படக்கருவி மெல்ல மெல்ல அவர் முகத்தை அணுகுகின்றது. மைக்கல் மக்கீன் இவ்விடத்தே குரலை உயர்த்துதலினும், வியப்புற்று நிறுத்துதலே சிறப்பு.

அவர் சொன்னவற்றுட் பொய்யென யாது உளது? தொடரைத் தொடர்ந்து கண்டார் அறிவர்: எண் மாற்றப்பட்டது உண்மை, பணம் எடுக்கப்பட்டதும் உண்மை, தம்பியின் கையிற் சட்டம் தீங்காகும் என்ற அச்சமும் பின்னாளில் மெய்யாயிற்று. ஆயினும் கேட்டோர் செவியில் அவையெல்லாம் பித்தன் பிதற்றலாகவே விழுந்தன. உண்மை அங்கே சான்றாக வரவில்லை. பல்லாண்டுப் பொறாமையின் வாகனமாக வந்தது. முந்திய பருவத்தின் இறுதிப்பகுதியிலே தாயின் மரணப்படுக்கை காட்டப்படுகின்றது. அருகிருந்தவர் சக்; தாய் இறுதியாக அழைத்ததோ ஜிம்மியை. திரும்பிவந்த தம்பி கேட்டபோது, அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றார் சக். சட்டத்தையும் உண்மையையும் தெய்வமெனக் கொண்ட அவர் அவ்வொரு சொல்லை மறைத்தார். விசாரணை மண்டபத்திலே பீறிட்டது அந்த மறைத்த சொல்லே என்பது எம் துணிபு.

குறையும் ஒன்று உண்டு. சட்டைப்பையுள் இட்ட பொருளை இடையில் ஒருகால் கைபட்டு அவர் கண்டிருப்பின் சூழ்ச்சி முழுதும் பாழாகும். அத்துணை நுட்பமான திட்டத்தை இத்துணை நற்பேற்றின்மேல் நிறுத்துதல் நாடகாசிரியர்க்கு எளிய வழியே. றெபேக்காவுக்கும் அழுது கலங்குதலன்றி வேறு தொழில் தரப்படவில்லை.

ஆயினும் வென்றவன் மகிழ்ந்தானெனக் காட்டாமை ஆசிரியர் திறம். பொப் ஓடன்கேர்க் அவ்வேளை தமையனை நோக்கும் பார்வையிலே வெற்றியில்லை. தான் தொடங்கிய ஒன்றை இனி நிறுத்த இயலாதென்ற கலக்கமே உண்டு. ஜிம்மியை முந்திய பகுதிகளில் விரும்பியிருந்த நாமும், இத்தருணத்துக்காகவே காத்திருந்தோம் என்பதை எண்ணும்போது நாணமுறுகின்றோம். பேச்சு ஓய்ந்ததும் மண்டபம் அமைதியுறுகின்றது. சாட்சிக்கூண்டில் இருந்தபடியே சக் நிமிர்ந்து நோக்க, வாயிலின் மேலுள்ள மின்பலகை மெல்ல இரைகின்றது. அதுகாறும் கேளாத அவ்வொலி அப்போதுதான் அவர்க்குக் கேட்கின்றது.