இரண்டே சுருதியில் எழுத்து

14.080 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே டயலைத் திருப்பினால், அதுவும் செப்டம்பர் கடைசி வார இறுதியில் நடக்கும் ஹாம் ரேடியோ உலகப் போட்டியின்போது, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு படபடப்பு காதை நிறைக்கும். அமெச்சூர் ரேடியோக்காரர்களான ஹாம்கள் 'ரிட்டி' என்று செல்லமாகச் சொல்லும் ரேடியோ டெலிடைப் அது. 2125 ஹெர்ட்ஸில் ஒரு சுருதி, அது மார்க். 2295இல் இன்னொன்று, ஸ்பேஸ். ஒரு துடிப்புக்கு 22 மில்லிசெகண்ட் என்று இந்த இரண்டும் மாறி மாறி ஒலித்தே ஒரு முழு உரையாடலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன.

பிரெஞ்சுக்காரர் எமில் போதோ 1870களில் தந்திக்காக வகுத்த ஐந்து துடிப்புக் குறியீட்டின் வாரிசு இது. ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். அதனால் எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன; இப்போது வருவது எண் என்று முன்கூட்டி ஒரு சைகை போகும். அந்தச் சைகை வழியில் தொலைந்தால், சிக்னல் தரத்தைச் சொல்லும் 599 என்பது திரையில் 'டிஓஓ' என்று விழும். தட்டச்சுப் பலகையின் மேல் வரிசையை எண்ணிப் பாருங்கள்: ஐந்தாவது டி, ஒன்பதாவது ஓ. பழகிய கண் தயங்காமல் 599 என்றே படித்துவிடும். பிழையிலும் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிரான்ஸ்ஸீவரை இதற்குத் தயார் செய்வதில்தான் கைத்திறன் தெரியும். கணினி வெறும் ஆன், ஆஃப் மட்டும் கொடுக்க, ரேடியோவே அலைவரிசையை மாற்றிக்கொள்வது எஃப்எஸ்கே. கணினியின் ஒலியை அப்படியே ரேடியோவுக்குள் செலுத்துவது ஏஎஃப்எஸ்கே. முன்னதுதான் அசல் என்பார்கள் சிலர். ஒலி அளவில் கை அடங்கியிருந்தால் பின்னது இம்மியும் குறைந்ததல்ல என்பது என் கட்சி. ரேடியோவை எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை) வையுங்கள், யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) விட்டால் மார்க்கும் ஸ்பேஸும் இடம் மாறி, எதிர்முனையில் வெறும் குப்பைதான் அச்சாகும். பேச்சுக்கான கம்ப்ரஸரை அணைத்துவிடுங்கள். தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஏஎல்சி முள் அசையாத இடம்வரை ஒலியைக் குறையுங்கள். மிஞ்சினால் சிக்னல் பரந்து பக்கத்தில் பேசுபவர்மேல் வழியும். பேச்சைப் போல இதில் மூச்சுவிட இடைவெளி கிடையாது, அனுப்பும் நேரமெல்லாம் முழு வீச்சுதான். 100 வாட் ரேடியோவை 50இல் ஓட்டுவது அதன் ஆயுளுக்கு நல்லது.

கேட்கும் பக்கத்தில்தான் என் மனம் லயிக்கிறது. ஜப்பானிய ஹாம் மகோட்டோ மோரி எழுதிய எம்எம்டிடிஒய் போன்ற மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. மார்க் ஒரு மெல்லிய நீள்வட்டம், ஸ்பேஸ் அதற்குக் குறுக்கே இன்னொன்று. டயல் சரியாக நின்றால் இரண்டும் நேர் சிலுவையாக நிற்கும். சற்றே விலகினாலும் சாய்ந்துவிடும். தொலைதூர சிக்னலில் அயனி மண்டலத்தின் விளையாட்டை இதில் கண்ணாலேயே பார்க்கலாம். மார்க்குக்கும் ஸ்பேஸுக்கும் 170 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனாலும் ஒரு நீள்வட்டம் சுருங்கும்போது மற்றது மலர்ந்தே நிற்கும். நல்ல டிகோடர் எஞ்சிய அந்த ஒன்றை வைத்தே எழுத்தைத் தேற்றிவிடும். வடிகட்டியை 250 ஹெர்ட்ஸுக்கு இறுக்கி, டயலைப் பத்துப் பத்து ஹெர்ட்ஸாக நகர்த்திச் சிலுவையை நிமிர்த்தும்போது, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு நிலையத்தின் அழைப்புக்குறி முழுசாக வெளியே வரும்.