ஒன்பதா, பதினொன்றா? ஃப்ரீகேடின் துளைக் குறிப்புகள் பற்றி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். அங்கே மோட்டார் உட்கார ஓர் அடித்தகடு வேண்டும் என்றார்கள். ஃப்ரீகேட் 1.0-ல் வரைந்தேன். மோட்டார் காலுக்கு நாலு ஓட்டை, மூலையில் மட்டம் பார்க்க நாலு மரைத் துளை. அவ்வளவுதான்.

முதலில் 2 எச்.பி. மோட்டார். நாலு துருவ மோட்டாரில் அது 90எல் சட்டம். கால் துளைகள் 140-க்கு 125, போல்ட் எம்8. எம்8 சிரமமில்லாமல் நுழைய 9 மி.மீ. துளை. பிறகு 3 எச்.பி.யே போட்டுவிடலாம் என்று முடிவானது. அது 100எல்: 160-க்கு 140, போல்ட் எம்10, துளை 11. மாடலில் மூன்று எண்களை மாற்றினேன். படத்தில் 160 வந்தது, 140 வந்தது. போல்ட் பட்டியலையும் திருத்தினேன். துளைக் குறிப்பு மட்டும் ‘4 × ⌀9’ என்றே நின்றது. நான் கவனிக்கவில்லை.

பேட்டையில் பட்டறை அண்ணாச்சி தாளை வாங்கி ஒரு நிமிஷம்தான் பார்த்தார். “தம்பி, ஓட்டை ஒம்பதுன்னு போட்டிருக்கீய, கீழ போல்ட்டு பத்துன்னு எழுதியிருக்கீய. போல்ட்டைச் சீவிக் கொண்டாருவீயளோ?”

பிழை என்னுடையதுதான். ஆனால் மென்பொருள் அதை எப்படி மறைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃப்ரீகேடில் தாள் வரையும் பகுதி டெக்டிரா. அதில் அளவின் எழுத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். ‘ஃபார்மாட் ஸ்பெக்’ பெட்டியில் எண்ணுக்கான இடக்குறியை விட்டுவைத்து முன்னால் ‘4 ×’ சேர்த்தால், மாடலில் அளந்த மதிப்பு அங்கே வந்து உட்காரும். ‘ஆர்பிட்ரரி’ என்பதை ஆன் செய்தால் நாம் தட்டியதே நிற்கும், மாடல் எப்படி மாறினாலும். நான் அவசரத்தில் இரண்டாவதைச் செய்திருந்தேன். தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே அம்பு. அளந்தது எது, தட்டியது எது என்று தெரியாது. ஆட்டோகேடிலும் இதே குழி உண்டு.

கல்லூரி முதல் வருஷத்தில் அம்புத் தலை மூணுக்கு ஒண்ணு இல்லையென்று எனக்கு மார்க் போனது. அதே பாடத்தில்தான், படத்தின் அளவுக்கு ஒத்துவராத எண்ணுக்கு அடியில் தடித்த கோடு போட வேண்டும் என்றும் இருந்தது. கையால் வரைந்தவர்கள் அந்த நேர்மையைக் கடைப்பிடித்தார்கள். தட்டிய எண்ணும் அளந்த எண்ணும் வேறு என்று கணினிக்குத் தெரியும். அந்தக் கோட்டைத் தானாகவே போட்டிருக்கலாமே?

மரைத் துளையில் நிலைமை இன்னும் மோசம். எம்8 மரைக்கு 6.8 டிரில் போட்டுத்தான் டேப் ஓட்டுவோம். மாடலில் அந்தத் துளையை உருவாக்கும்போது மரை எம்8, ஆழம் இவ்வளவு என்று எல்லாம் கொடுத்திருக்கிறோம். தாளில் விட்டத்தைக் கேட்டால் அது வட்டத்தை அளந்து 6.8 என்கிறது. எம்8 என்று காட்ட நாமேதான் தட்ட வேண்டும். அதாவது, எந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்ததோ அதற்குள் மென்பொருளே தள்ளுகிறது. சாலிட்வொர்க்ஸில் துளைக் குறிப்பு மாடலில் உள்ள மரை விவரத்தையே எடுத்துக்கொள்ளும். அதன் விலை நம்மூர் மாணவனுக்குக் கட்டாது என்பதால்தான் ஃப்ரீகேடைக் குறை சொல்ல மெனக்கெடுகிறேன்.

9 துளையை 11 ஆக்கலாம். எம்10-க்கான 8.5 டிரில் ஓடிய இடத்தில் எம்8 மரை நிற்காது. வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி குடைய வேண்டும், இல்லையென்றால் தகடு பழைய இரும்புக் கடைக்கு.

இப்போது பிரிண்ட் எடுக்குமுன் ஒரு வேலை செய்கிறேன். மாடலில் எல்லாத் துளையையும் வேண்டுமென்றே தப்பான அளவுக்கு மாற்றிவிட்டுத் தாளைப் பார்ப்பேன். மாறாமல் நிற்கும் குறிப்பெல்லாம் தட்டியது. அவற்றைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மாடலைப் பழையபடி ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். இந்தத் தகட்டில் அப்படி நின்றவை இரண்டு: அந்த 9, அப்புறம் மூலையில் இருந்த எம்8.