ஆசைக்கு முழிப்பதும் கணக்குக்கு முழிப்பதும்

போன மாதம் ஒரு புத்தக அறிமுகக் கூட்டம். என்னைப் பேச அழைத்த நண்பர், 'பள்ளிக்கூட வேலை, வீடு, குழந்தை இத்தனைக்கும் நடுவில் தூக்கத்தைத் தியாகம் செய்து எழுதுகிறவர்' என்று சொன்னார். கை தட்டினார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபத்தைந்து வருஷம் பீடி சுற்றியவள். 'ஏட்டி, என்ன தியாகம்? நீ ஆசைக்கு முழிக்க. நான் கணக்குக்கு முழிச்சேன். எனக்கு எவன் கை தட்டுனான்?' என்றாள்.

கணக்கு என்றால் ஆயிரம் பீடி. பகலில் சமையல், தண்ணீர், நாங்கள் மூன்று பிள்ளைகள் எல்லாம் போக மிச்சம் விழுந்ததை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். காலையில் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சுற்று சரியில்லை என்று ஒரு கை அள்ளிக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. அந்த ராத்திரிகளைப் பற்றி யாரும் முன்னுரை எழுதவில்லை. 'கண் விழித்து எழுதினார்' என்பது நம் முன்னுரைகளில் ஒரு பாராட்டு. 'கண் விழித்துப் பீடி சுற்றினாள்' என்பது வெறும் தகவல். இரண்டு வாக்கியத்திலும் விழித்தது கண்தான். ஒன்று தியாகமாகவும் இன்னொன்று பிழைப்பாகவும் ஆனது எப்படி? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் சில பிரதிகளை மறுபடி வாசித்தேன்.

முதலில் ழாக் ரான்சியேர். 1981இல் வந்த அவருடைய 'பாட்டாளிகளின் இரவு' என்ற புத்தகம் 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளிகளைப் பற்றியது. தச்சர், தையற்காரர், அச்சுக்கோர்ப்பவர் ஆகியோர் பகல் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரியில் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், தத்துவம் பேசினார்கள். தொழிலாளியின் இரவு எதற்கு? நாளைக்கு மறுபடி உழைக்க உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கு. முதலாளி போட்டுவைத்த ஒழுங்கு இது. நீ உழைக்கிறவன், யோசிப்பதற்கு வேறு ஆள் இருக்கிறான் என்கிற பிரிவினை இந்த ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. தூங்காமல் எழுத உட்கார்ந்தவன் அந்தப் பிரிவினையையே உடைக்கிறான் என்பது ரான்சியேரின் வாதம். தொழிலாளி தொழிலாளியாகவே இருக்கவேண்டும், தன் வர்க்கத்தைப் பற்றி மட்டுமே எழுதவேண்டும் என்று எதிர்பார்த்த நம் பழைய முற்போக்கு விமர்சனத்துக்கும் இது ஒரு அடிதான்.

இந்த இடத்தில் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியும். ஆசைக்கு முழிப்பது சின்ன விஷயம் இல்லை. 1832இல் பாரிஸில் தைசிரே வேரே, ரேன் கென்டோர்ஃப் என்ற இரண்டு தையல் வேலைக்காரப் பெண்கள் 'சுதந்திரப் பெண்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அப்பன் பெயரும் வேண்டாம், புருஷன் பெயரும் வேண்டாம் என்று முதற்பெயரை மட்டும் போட்டு எழுதினார்கள். ஊசி பிடித்த கையால் பேனா பிடித்தார்கள். அதைப் 'பிழைப்பு போக மிச்ச நேரத்துப் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட முடியுமா?

ஆனால் ரான்சியேரை மட்டும் வாசித்துவிட்டு இரவைக் கொண்டாடக் கிளம்பினால் தப்பு வரும். 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் இன்னொரு இரவு இருக்கிறது. 1863 ஜூனில் லண்டனில் செத்துப்போன மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல் பெண்ணைப் பற்றி மார்க்ஸ் எழுதுகிறார். அறுபது பெண்களோடு சேர்ந்து இருபத்தாறரை மணி நேரம் நிறுத்தாமல் தைத்தவள். அதே ஊசி, அதே ராத்திரி. ஒருத்தி விழித்துக் குரலானாள், இன்னொருத்தி விழித்துப் பிணமானாள். இந்த இரண்டு இரவையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழியின் அலட்சியம் மட்டும் இல்லை, அதிகாரத்தின் வசதியும்கூட. உடம்புக்கோ இந்த வித்தியாசம் தெரியாது. இரவு ஷிப்ட் வேலையை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்கிற வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதி செய்தது.

அடுத்தது காஃப்கா. தூங்காத எழுத்தாளனுக்கு உதாரணம் என்றால் நம் சிறுபத்திரிகைகளில் முதலில் வருகிற பெயர். 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறு மணிக்கு முடித்தார். இது எல்லாருக்கும் தெரியும். அதே வருஷம் நவம்பரில் பெலிஸ் பவருக்கு எழுதிய கடிதத்தில் தன் நாளை மணிவாரியாகச் சொல்கிறார். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை விபத்துக் காப்பீட்டு அலுவலகம். பிறகு சாப்பாடு. பிறகு மாலை ஏழரை வரை தூக்கம். அப்புறம் உடற்பயிற்சி, நடை, குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு. பத்தரைக்கு மேல் எழுத்து. இந்த அட்டவணையில் அடுப்பு எங்கே இருக்கிறது? பெற்றோர் வீடு, சமைக்கவும் துவைக்கவும் வேலைக்காரப் பெண் உண்டு. காஃப்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் யோக்கியமாக எழுதியாவது வைத்திருக்கிறார். நம் எழுத்தாளர்களின் அட்டவணையில் மதியத் தூக்கமும் வருவதில்லை, அதைக் காவல் காத்தவர்களும் வருவதில்லை.

ராபர்ட் ஓவன் 1817இல் சொன்ன கணக்கு நமக்கெல்லாம் மனப்பாடம். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு. 1886இல் சிக்காகோவில் ரத்தம் சிந்தியது இதற்காகத்தான். கூட்டினால் இருபத்துநான்கு சரியாக வருகிறது. ஆனால் சோறு எந்த எட்டில் வெந்தது? இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளைக்கு 299 நிமிஷம் செலவழித்தார்கள். அந்த வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். ஆக, பெண்ணுக்கு நடு எட்டில் பாதிக்குமேல் முதலிலேயே போய்விடுகிறது. அவள் எழுத வேண்டுமென்றால் மூன்றாவது எட்டில்தான் கை வைக்க வேண்டும். சொந்தமாக இருப்பதைத்தான் ஒருவர் தியாகம் செய்ய முடியும். என் அம்மாவுக்குத் தூக்கம் அவள் சொத்தாக இருந்ததே இல்லை. தியாகம் என்ற சொல் அவளிடம் போய் ஒட்டாததற்குக் காரணம் இதுதான்.

இன்றைக்கு நிலைமை இன்னும் சிக்கல். முன்பு முதலாளிக்கு நம் கணக்கு போதும், ஆசை தேவைப்படவில்லை. இப்போது ஆசையையும் கேட்கிறான். வேலை முடிந்து வந்து ராத்திரியில் உன் கனவுக்காக உழை, நாலு மணிக்கு எழுந்திரு, தூங்குகிறவன் தோற்கிறவன் என்று போதிக்கிற புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ஒரு சம்பளம் பற்றாததால் இரண்டாவது வேலை பார்க்கிறவனிடம், அதைத்தான் உன் ஆசை என்று சொல்லி நம்பவைக்கிறார்கள். சந்தை இன்னும் முழுசாகப் பிடிக்க முடியாத கடைசி இடம் தூக்கம்தான் என்று ஜோனதன் கிரேரி 2013இல் எழுதினார். அப்படியானால் தூக்கத்தை விட்டுக்கொடுப்பதை எதிர்ப்பு என்று இனியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சமயத்தில் தூங்குவதும் எதிர்ப்புதான்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு வருஷம். அந்தப் பத்து நாளில் நான் ஒரு வரி எழுதவில்லை. அது தொழிற்சங்கத்தின் விவகாரம், இலக்கியத்தின் விவகாரம் இல்லை என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழித்து ஒரு நாவலுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். பகலுக்காக மற்றவர்கள் சண்டை போட்டபோது நான் என் இரவைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். இது என் மேல் எனக்குள்ள விமர்சனம்.

வேறு வழியே இல்லையா? அம்மா செய்த தொழிலிலேயே இருக்கிறது. கேரளத்துப் பீடிக் கொட்டகைகளில் தொழிலாளிகள் தங்களில் ஒருவரை வாசிக்க உட்கார வைத்தார்கள். அவர் பத்திரிகையும் புத்தகமும் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசிக்கிறவரின் கணக்குக்கான பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள். 1865லேயே ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் இப்படி வாசிப்பு தொடங்கியிருக்கிறது. அங்கே வாசிப்பவருக்குத் தொழிலாளிகளே காசு போட்டுக் கொடுத்தார்கள். யாரும் தூக்கத்தைத் தியாகம் செய்யவில்லை. ஒருத்தர் வாசிக்கிற நேரத்தின் பளுவை எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் சுமந்தார்கள், அதுவும் பகலில். அம்மா வீட்டில் தனியாக உட்கார்ந்து சுற்றியவள். அவளுக்குக் கொட்டகையும் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை.

ஆகவே விமர்சகர்களாகிய நாம் 'இவர் எத்தனை இரவு விழித்தார்' என்று வியப்பதை நிறுத்தலாம். இவருடைய கணக்கை யார் சுற்றிக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். ஒரு பிரதியின் உற்பத்திச் சூழல் என்று பெரிதாகப் பேசுகிறோமே, அதில் இதுவும் அடக்கம்.

என்னிடம் கேட்டால் நானும் சொல்ல வேண்டுமில்லையா? இந்தக் கட்டுரையை நான்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் எழுதினேன். நான்கு நாளும் சமைத்தது அம்மா. வயது அறுபத்தெட்டு, பீடித்தூள் இருமல் இன்னும் போகவில்லை. குழந்தையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அதை அவர் 'உதவி' என்கிறார். அந்தச் சொல்லைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.