மேப்பிள் வீதியின் அரக்கர்

1960 மார்ச் 4இல் அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ருவைலைற் ஸோன்’ தொடரின் ‘மேப்பிள் வீதிக்கு அரக்கர் வரவுள்ளனர்’ என்னும் நாடகம், அமானுஷ்யக் கதையின் போர்வையிற் சமூக விமர்சனஞ் செய்வது. மின்சாரம் தடைப்பட்ட வீதியில், சிறுவனொருவன் கூறும் வேற்றுலகவாசிகளின் கதை அயலவரிடையே ஐயத்தை விதைக்கின்றது. உறக்கமின்றி இரவில் வானத்தை நோக்கியமையே ஒருவனுக்கெதிரான சான்றாகின்றது. அடுத்த வீதியின் நிலைமையறியச் சென்று திரும்பியவன் இருளிற் சுடப்பட்டு இறக்கின்றான். மக்கார்த்தி காலத்து வேட்டையின் நிழலை இதிற் காணலாம்.

இறுதியில் வேற்றுலகவாசிகளைக் காட்டியமை பழியை வெளியார்மீது சுமத்துவதாகத் தோன்றலாம். அது பொருந்தாது. அவர்கள் அணைத்தவை விளக்குகளே. துப்பாக்கியை நீட்டிய கை அயலவனுடையது. உண்மையான குறை வேறு. அவ்வையம் எங்கு பிறந்ததென நாடகாசிரியர் றொட் சேர்லிங் வினவவில்லை. மனித இயல்பெனப் பொதுமைப்படுத்தி, அதனை வளர்த்த அதிகாரத்தைத் தப்பவிடுகின்றார்.