பேனா விழுந்த சத்தம்

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ காதல் நாவல்தான். ஆனால் அதில் நாயகனும் நாயகியும் பெரும்பாலான பக்கங்களில் பேசிக்கொள்வதே இல்லை. ஆன் எலியட்டுக்கு 27 வயது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கப்பற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை மணக்கச் சம்மதித்து, பிறகு பெரியவர்கள் பேச்சைக் கேட்டு விலகியவள். இப்போது அவன் பணத்தோடும் பெயரோடும் திரும்பி வந்திருக்கிறான். கோபம் ஆறவில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் மரியாதைக்கு இரண்டு வார்த்தை, அதற்கு மேல் கிடையாது.

ஒருநாள் அடிபட்டுப் படுத்திருக்கும் தங்கை மகனை ஆன் மண்டியிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். அவனுடைய தம்பி, இரண்டு வயது வாண்டு, அவள் முதுகில் தொற்றிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. கெஞ்சிப் பார்க்கிறாள், அதட்டிப் பார்க்கிறாள், இறங்கவில்லை. அறையில் இருக்கும் இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பையனைக் கூப்பிடுகிறார். திடீரென்று பாரம் குறைகிறது. பிஞ்சுக் கைகளைப் பிரித்துக் குழந்தையை யாரோ தூக்கிவிட்டார்கள். அது வென்ட்வொர்த் என்பது அவளுக்குப் பிறகுதான் உறைக்கிறது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவனோ அந்த நன்றியைக் கேட்க விரும்பாதவனாகக் குழந்தையோடு சத்தமாக விளையாடத் தொடங்குகிறான்.

எடை போனதை முதலில் சொல்லி, ஆளைப் பிறகு சொல்கிறார் ஆஸ்டின். நயம் முழுக்க அந்த வரிசையில்தான் இருக்கிறது. வென்ட்வொர்த் எழுந்தான், நடந்து வந்தான், குனிந்தான் என்று எழுதியிருந்தால் நாம் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்திருப்போம். இங்கே நாமும் ஆனோடு தலை குனிந்தபடி இருக்கிறோம். அவள் உடம்புக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரிகிறது.

அடுத்த அத்தியாயத்தில் இதன் இரண்டாம் பாகம். நெடுந்தூரம் நடந்து ஆன் களைத்திருக்கிறாள். அது அவன் கண்ணில் மட்டும் பட்டிருக்கிறது. வண்டியில் வரும் தன் அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆனை வண்டியில் ஏற்றிவிடுகிறான். இதோடு அத்தியாயத்தை முடித்திருக்கலாம். ஆஸ்டின் முடிக்கவில்லை. வண்டி ஓட்டும் அக்கா கணவர் அட்மிரல் கிராஃப்ட் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு கம்பத்தில் மோதப் போகிறார். மனைவி பதறாமல் கையை நீட்டிக் கடிவாள வாரைச் சற்றே திருப்புகிறார், வண்டி தப்பிக்கிறது. இவர்கள் குடும்பம் நடத்துவதும் இப்படித்தான் இருக்கும் என்று ஆனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நல்ல தாம்பத்தியத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த அம்மாளின் கை போதும்.

உச்சம் பாத் நகரத்து விடுதி அறையில் வருகிறது. ஒரு மேசையில் வென்ட்வொர்த் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சற்றுத் தள்ளி ஜன்னலோரம் ஆனும் வென்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்வில்லும் நிற்கிறார்கள். பிரிவுக்குப் பின்னும் நெடுநாள் மறக்காமல் இருப்பது ஆணா பெண்ணா என்று பேச்சு. நடுவே, மேசைப் பக்கம் பேனா கீழே விழும் சத்தம். அவன் தான் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கிறான் என்று அவள் திடுக்கிடுகிறாள். பேனா எதனால் விழுந்தது என்று ஆஸ்டின் அடித்துச் சொல்வதில்லை. ஆனின் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

நமக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். சங்க அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் தலைவன் சிறைப்புறமாக நிற்பான். அவன் வேலிக்கு அப்பால் இருப்பது தெரிந்தே, அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் பேசுவாள். ஆனுக்குத் தோழி இல்லை. அவன் காதுக்கு எட்டுகிறது என்ற தெளிவும் இல்லை. தன் வழக்கைத் தானே, வேறொருவரிடம், பொதுவான தத்துவம்போலப் பேசுகிறாள். அவன் அதே மேசையில் இன்னொரு தாளை எடுத்து அவளுக்கு எழுத ஆரம்பித்துவிடுகிறான்.

இந்தக் காட்சி முதல் படியில் கிடையாது. 1816 ஜூலையில் நாவலை முடித்த ஆஸ்டினுக்கு முடிவு பிடிக்கவில்லை. அந்த வடிவத்தில், ஆன் வேறொருவரை மணக்கப்போகிறாளா என்று கேட்டுவரும்படி அட்மிரல் வென்ட்வொர்த்தையே அனுப்புவார். நாடகத் தந்திரம், வேலை முடிந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுத்தான் பேனாவைக் கொண்டுவந்தார். கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். நாவல் அச்சானது அந்த ஆண்டுக் கடைசியில்.

காதல் கதைக்கு ‘பெர்சுவேஷன்’ என்றால், மாயக் கதைக்கு சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’, 2020இல் வந்தது. முடிவே இல்லாத ஒரு மாளிகை. கீழ் மண்டபங்களில் கடல், மேல் மண்டபங்களில் மேகம், எங்கு பார்த்தாலும் சிலைகள். அதில் வாழும் ஒருவனின் நாட்குறிப்புதான் நாவல். கதையைச் சொன்னால் பாவம் வந்து சேரும், ஆகவே ஒரே ஒரு இடம். அல்பட்ராஸ் பறவை ஒன்று இணையோடு அங்கே கூடு கட்ட முயல்கிறது. குளிருக்கு எரிக்கவென்று தான் காயவைத்துச் சேர்த்த கடற்பாசியை அவன் அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறான். சில நாள் குளிரில் கிடக்க வேண்டியிருக்கும் என்று கணக்கும் போட்டுக்கொள்கிறான். அந்த ஆண்டுக்கு அந்தப் பறவை வந்த ஆண்டு என்றே பெயர் வைக்கிறான். காலத்துக்கு எண் தராமல் விருந்தாளியின் பெயரைத் தருகிறவன் எப்படிப்பட்டவன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவன் சந்திக்கும் இன்னொரு மனிதன் நேர்த்தியான உடையும் மினுங்கும் கருவியுமாக வருவான். அது என்ன கருவி என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அங்கேதான் வயிற்றில் லேசாகப் பயம் புரளத் தொடங்குகிறது.

மூன்றாவது, யோகோ ஒகாவாவின் ‘தி மெமரி போலீஸ்’. ஜப்பானிய மூலம் 1994இல் வந்தது. ஸ்டீஃபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன: வாசனைத் திரவியம், பறவை, ரோஜா. பொருளோடு அதன் நினைவும் போய்விடுகிறது. மறக்க முடியாதவர்களைக் காவலர்கள் பிடித்துப்போகிறார்கள். பயங்கரமான கதைதான், ஆனால் ஒகாவாவின் குரல் எங்கும் உயர்வதில்லை. தொப்பிகள் மறைந்ததும் தொப்பி செய்தவர் குடை செய்யப் போகிறார், யாரும் முணுமுணுக்கவில்லை. தொப்பிக்குப் பதில் குடை! தலையை மறைக்கும் தொழிலையே வேறு உருவில் தேடிக்கொள்ளும் அந்த மனிதரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. நாட்காட்டிகள் மறைகிற இடம் இன்னும் நுட்பம். மாதங்களை எரித்துவிட்ட ஊருக்கு வசந்தம் வருவதில்லை, பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது.

பிறகு நாவல்கள் மறைகின்றன. சனங்கள் தாங்களே புத்தகங்களைக் கொண்டுவந்து தீயில் போடுகிறார்கள், நூலகமும் எரிகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த வாசகர் இந்தப் பக்கத்தைச் சும்மா புரட்ட முடியாது. அங்கே எரித்தவர்கள் வேறு, அழுதவர்கள் வேறு. ஒகாவாவின் தீவில் எரிப்பவர்களுக்கு அழவும் ஒன்றும் மிச்சமில்லை.

ஏன் மறைகின்றன, யார் ஆணை என்று கடைசிவரை அவர் சொல்வதில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்குக் குறையாகப் படவில்லை. நாவலுக்குள் வரும் தட்டச்சுப் பெண்ணின் கதை மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘பெர்சுவேஷன்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘பிரனேசி’யைக் கையில் எடுத்தால் பின்னட்டைக் குறிப்பைப் படிக்காமல் நேராக முதல் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.